கல் உருண்டு வந்த தடம்

பங்கஜவல்லியின் மனுவுக்குப் பதிலை டைப் அடித்தது நான்தான். ‘வரைபடத்தின்படி மேற்படி இடத்தில் வரப்பு மட்டுமே உள்ளது, வாய்க்கால் எதுவும் இல்லை’ என்று ஒரே வரி. அது எண்பத்திரண்டாம் வருஷம், ஆடி மாதம். காரைக்காலில் வாய்க்கால் ஆபீஸ் என்று சனங்கள் சொல்லும் இடத்தில் நான் டைப்பிஸ்ட். ஒரு நாளைக்கு இருபது கடிதம் போகும், அதில் இதுவும் ஒன்று. கார்பன் தாளை உருவி அடுத்த கடிதத்துக்கு வைத்ததும் மறந்துபோனேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய சற்று நேரத்தில், அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணுக்கால்வரை காய்ந்த சேறு. கையில் ஒரு மஞ்சள் பை.

"முசே வீடு இதானே? சோமசேகரன் சார் ஞாயித்துக்கெழம இங்கதான் இருப்பாங்கன்னு டீக்கடையில சொன்னாங்க."

முசே, பிரெஞ்சில் ‘ஐயா’, என்றது என் அக்கா சலோமியின் புருஷன் அருளானந்தத்தை. என் அத்தான். பாரிசில் போட்டோ நகல் எடுக்கும் ஒரு கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கொண்டுவந்த சாமான்களில் அக்காவுக்குப் பிடிக்காதது ஒரே ஒரு தகரப்பெட்டி. அதற்குள் ஃபிலிம் துண்டுகள். ஒவ்வொன்றும் விரல் அகலம், முழ நீளம். எல்லாம் நிலாவின் படங்கள்.

அறுபத்தாறிலும் அறுபத்தேழிலும் அமெரிக்காக்காரர்கள் நிலாவைச் சுற்றிவர ஐந்து இயந்திரங்களை அனுப்பினார்கள். மனிதர் போய் இறங்குவதற்கு முன்னால் இடம் பார்க்க. அந்த இயந்திரம் ஃபிலிமில் படம் எடுக்கும், தன் வயிற்றுக்குள்ளேயே அதைக் கழுவும், பிறகு படத்தைக் கோடு கோடாகப் படித்து ரேடியோவில் கீழே அனுப்பும். கீழே இருப்பவர்கள் அந்தக் கோடுகளை ஃபிலிம் துண்டுகளாக்கி, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒரு படமாக்குவார்கள். அப்படி ஒட்டாமல் கிடந்த சில துண்டுகளின் நகலை அத்தான் வேலை பார்த்த கூடத்தில் கழித்துப்போட்டபோது, மேலாளரிடம் கேட்டு வாங்கிவந்துவிட்டார். எந்தத் துண்டு எந்தப் படம் என்று எழுதிய பட்டியல் ஒன்றும் இருந்தது. வழியில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, மை கரைந்து, பட்டியல் நீலக் கறையாகிவிட்டது. ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் நிலாவை ஒட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அத்தான் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் அச்செடுப்பார். ஈரக் காகிதங்கள் கொல்லைக் கொடியில் அக்காவின் புடவைகளுக்குப் பக்கத்தில் தொங்கும். எங்கள் ஆபீசின் வரைவாளர் சோமசேகரன் சார் அவற்றை மேசையில் பரப்பி, ஓரத்தோடு ஓரம் பொருந்துகிறதா என்று பார்ப்பார். திருநள்ளாறு பக்கத்து ஆள். ஐம்பதை எட்டியவர். கோடு போட்டால் அச்சுமாதிரி இருக்கும். நான் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணும் குறிப்பும் டைப் அடிப்பேன். ஏழு மாதமாக நடந்தது. பெட்டியிலிருந்த நூற்றுச் சொச்சம் துண்டுகளில் பொருந்தியவை ஒன்பது.

"வீட்டுக்கே வந்துட்டேன்னு கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் பங்கஜவல்லி. "ஆபீசுக்கு ஆறு தடவ வந்தேன். அப்பறம் வாங்கன்னே சொல்றாங்க. சுரக்குடி, தங்கப்பன் சம்சாரம். ஒன்பது மா, மூணு ஏக்கர் நெலத்துக்கு வாய்க்கா மனு குடுத்திருந்தோமே."

சோமசேகரன் சார் முகத்தை நிமிர்த்தவில்லை. "அதுக்குத்தான் பதில் அனுப்பிட்டாங்களேம்மா. வரைபடத்துல வரப்புன்னுதான் இருக்கு."

"தெரியும் சார். பதில் வந்துச்சு. அந்தப் படத்த வச்சுத்தான மேலண்ட நெலத்துக்காரரு வாய்க்கால மூடிட்டாரு. போன சித்திரையில ரெண்டு நாள்ல மண்ணத் தள்ளி உழுதுட்டாரு. கேட்டா, எங்க இருந்துச்சு வாய்க்கா, சர்க்கார் படத்துலயே வரப்புதானங்கறாரு. எங்க மாமனாரு காலத்துலேர்ந்து அதுல தண்ணி பாச்சுனோம். பிரெஞ்சுக்காரன் காலத்துப் படத்துல இருக்கும்னு போனா, அந்தத் தாள மட்டும் செல்லு அரிச்சிருக்கு. வர்ற பொரட்டாசி பதினெட்டு விசாரணைன்னு கடுதாசி வந்திருக்கு. பாண்டிச்சேரிலேருந்து அதிகாரி வராராம். அன்னிக்கி வரப்புன்னு எழுதிட்டாருன்னா முடிஞ்சுபோச்சு."

"விசாரணையில சொல்லுங்க. நான் ஞாயித்துக்கெழம என்ன பண்ண முடியும்?"

அக்கா உள்ளேயிருந்து வந்து, "வெயில்ல வந்திருக்காங்க, உக்காரச் சொல்லாம என்ன பேச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேசைக்கு எதிர்ப்பக்கம்தான் இடம் இருந்தது. பங்கஜவல்லி தயங்கி, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அக்கா மோர் கொடுத்தாள். சார் தன் துண்டுகளுக்குத் திரும்பிவிட்டார். பேச்சு முடிந்தது என்பதை அப்படித்தான் காட்டுவார்.

அன்றைக்கு அவர்கள் இருவரும் பரபரப்பாக இருந்தார்கள். நிலாவில் பள்ளங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தத் துண்டுகளில் பாதிக்குமேல் வட்ட வட்டமாக மேடுகள். தோசை மாவில் எழும் குமிழ் மாதிரி. பதினெட்டு மேடுகளுக்கு நான் சீட்டு அடித்திருந்தேன். பாரிசில் இருக்கும் வானாராய்ச்சிக்காரர்களுக்கு இதைப்பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சார் அதற்காக ஒரு படம்கூட வரைய ஆரம்பித்திருந்தார்.

பங்கஜவல்லி மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போகவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எந்த ஊரு வயக்காடு?" என்றார்.

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. "வயக்காடு இல்லம்மா. நெலா. சந்திரன்."

"நெசமாவா?" கொஞ்சம் குனிந்து பார்த்தார். "மழ விட்டு மாடு மிதிச்ச சேறுமாதிரில்ல இருக்கு. எம்மாம் குழி."

"குழி இல்லம்மா, இது மேடு" என்றார் சார். "இந்தா, இது பூரா மேடு."

"இல்லிங்களே. குழிதான்."

"நீங்க நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாக்கறேன். எறங்குனா இடுப்பளவு போகும்போல இருக்கு. மேடுங்கறீங்க."

அத்தான் எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அவர் பின்னால் நின்றார். நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். "சோமு, இங்க வந்து பாரு" என்றார்.

நானும் போனேன். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தத் துண்டில் மேடு ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பள்ளம். திரும்ப இந்தப் பக்கம் வந்தேன், குமிழ் குமிழாக மேடு. காகிதம் அசையவே இல்லை, நான்தான் நடந்தேன்.

சார் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா குழி, இந்தப் பக்கத்துலேர்ந்து மேடு. அப்ப எது நெசம்னு யாரு சொல்றது? ரெண்டும் கண்ணு பண்ற வேலதான்."

பங்கஜவல்லிக்கு மனு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். மேசையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். ஐந்தாறு பார்த்த பிறகு ஒன்றின்மேல் விரல் படாமல் காட்டினார்.

"இது என்ன தடம்?"

துண்டின் குறுக்கே, புள்ளி புள்ளியாகத் தைத்த தையல் மாதிரி, ஒரு மெல்லிய கோடு இறங்கி வந்திருந்தது. அதன் முடிவில் ஒரு பொட்டு. நான் அதற்குச் ‘சிறு குழி’ என்று சீட்டு அடித்திருந்தேன்.

"மேலேர்ந்து எதுவோ உருண்டு வந்திருக்கு" என்றார் பங்கஜவல்லி. "குதிச்சுக் குதிச்சு வந்திருக்கு. வந்தது இங்க நின்னுபோச்சு. கல்லு."

"அதுவும் சின்னக் குழியா இருக்கலாமே?"

"தடம் முடியற எடத்துல உருண்டதுதான சார் கெடக்கும். இன்னொண்ணு பாருங்க. இதோட நெழலு இத விட்டு வெளிய வந்து, தரையில நீளமாப் படுத்திருக்கு. குழியோட நெழலு குழிய விட்டு வெளிய வருமா? உள்ளதான விழும்."

சார் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"கல்லு நெழலு எம்பக்கம் விழுந்திருக்கு. அப்ப வெளிச்சம் உங்க பக்கத்துலேருந்து வருது. இப்ப அதே துண்டுல இந்த வட்டத்தப் பாருங்க. நெழலு உங்க ஓரமா இருக்கு, வெளிச்சம் எங்கேருந்து வருதோ அந்தப் பக்கத்துலயே. மேடா இருந்தா நெழலு எம்பக்கமா இருக்கணும். காலையில நாத்தங்காலுக்குப் போனா தெனம் பாக்கறதுதான."

அக்கா இடியாப்பத்துக்குப் பிசைந்திருந்த மாவில் ஒரு கவளம் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் வைத்தாள். பங்கஜவல்லி அதில் கட்டைவிரலை அழுத்தி ஒரு குழி செய்தார், பக்கத்தில் ஒரு சிறு உருண்டை வைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில், குழியின் நிழல் ஜன்னல் பக்கம் கிடந்தது. உருண்டையின் நிழல் மறுபக்கம். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, "ஏழு மாசம்" என்றார். பிறகு துண்டுகளில் பாதியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பத்து நிமிஷத்தில் நான்கு துண்டுகள் ஓரத்தோடு ஓரம் பொருந்தின. பெரிய பள்ளம் ஒன்றின் அரைவட்டம் எங்கள் மேசையில் எழுந்து வந்தது. பாதித் துண்டுகளை நேராகவும் பாதியைத் தலைகீழாகவும் வைத்துக்கொண்டு இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

அத்தானும் அக்காவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பங்கஜவல்லி சிரிக்கவில்லை. அவர் சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊரு வரைபடம் ஏரோப்ளேன்லேர்ந்து எடுத்த படத்த வச்சுத்தான வரைஞ்சதா சொன்னாங்க. அதயும் நீங்க இப்படித்தான் பாத்தீங்களா?"

சார் பூதக்கண்ணாடியை உறையில் போட்டார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "ஆபீசுல பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அக்கா வைத்த கறிக்குழம்பைப் பங்கஜவல்லிதான் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போனபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். பீரோ திறந்திருந்தது. "ஜெயமேரி, இங்க வாம்மா" என்றார்.

சுரக்குடியின் படம் மேசையில் இருந்தது. எழுபத்தொன்பது தை மாதம் எடுத்தது. சாதாரணமாக இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள், மேடு பள்ளம் எழுந்து தெரியும். சுரக்குடிக்கும் இன்னும் சில ஊர்களுக்கும் ஜோடிப் படம் வரவில்லை. வடக்கை மேலே வைத்து, ஒற்றைப் படத்திலேயே அவர் வரைந்திருந்தார். விரலால் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார். கிழக்கு மேற்காக ஓடிய அது எனக்கு வரப்பாகத்தான் தெரிந்தது. படத்தை மெதுவாகத் திருப்பினார். தெற்கு மேலே வந்தது. வரப்பு உள்ளே இறங்கி வாய்க்கால் ஆனது.

"இங்க ஒரு பனமரம் நிக்குது பாரு. நெழலு வடமேக்கால விழுந்திருக்கு. தை மாசத்துச் சூரியன், தென்கெழக்குலேர்ந்து வெளிச்சம். இந்தக் கோட்டுல நெழலு தெக்கு ஓரமா இருக்கு. சூரியன் பக்கம். அப்ப பள்ளம்." படத்தை மறுபடியும் வடக்கு மேலே வரத் திருப்பிவிட்டு, "அறுப்புக் காலம், தண்ணிய நிறுத்தியிருப்பாங்க. தண்ணி கெடந்திருந்தா கறுப்பாத் தெரிஞ்சிருக்கும், நானும் தப்பு பண்ணியிருக்க மாட்டேன்" என்றார். அதை அவர் தனக்குத்தான் சொல்லிக்கொண்டார்.

அந்த வருஷம் தலைமை வரைவாளர் பதவி அவருக்கு வரவேண்டியது. கோப்பு மேலே போயிருந்தது, எனக்குத் தெரியும், அதையும் நான்தான் டைப் அடித்தேன். அப்படியிருந்தும் அன்றைக்கே இன்ஜினியரிடம் போய்ச் சொன்னார். கதவு திறந்தே இருந்ததால் என் காதில் விழுந்தது.

"வரைபடம் அங்கீகாரமாயி ரெண்டு வருஷம் ஆச்சு சோமசேகரன். இப்பப் போயி தப்புன்னா, மத்த ஊர் படமெல்லாம் சரியான்னு கேப்பான். படம் தெளிவா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அதிகாரி பாத்துக்குவாரு."

"தெளிவாத்தான் சார் இருக்கு."

"சொல்றதச் சொல்லிட்டேன்."

அந்த வாரம் முழுக்க சார் அந்தப் படத்தை மேசையிலேயே வைத்திருந்தார். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும், "சுரக்குடி வரைக்கும் போகணும், கூட வர்றியாம்மா, தனியாப் போகக் கூச்சமா இருக்கு" என்றார். பஸ்ஸில் போனோம். இறங்கி வரப்பில் அரைமைல் நடக்க வேண்டியிருந்தது.

சுற்றிலும் வயல்கள் நடவுக்குத் தயாராகித் தண்ணீர் நின்றது. இடையில் அவர்களுடைய ஒன்பது மா மட்டும் வெடித்துக் கிடந்தது. ஒரு மூலையில் நாற்றங்கால், பாதி பச்சை, பாதி வைக்கோல் நிறம். தங்கப்பன் குளத்திலிருந்து காவடிபோல மூங்கில் கழியில் இரண்டு தகர டின் கட்டித் தூக்கி வந்துகொண்டிருந்தார். குளத்துக்கும் நாற்றங்காலுக்கும் நடுவில் மூன்று வயல் தூரம். தோளில் துண்டைச் சுருட்டி வைத்திருந்தார். அதன் கீழே தோல் உரிந்திருந்தது. டின்னைக் கவிழ்த்ததும் தண்ணீர் மண்ணில் சர்ரென்று உள்ளே போனது. பங்கஜவல்லி உட்கார்ந்து, வெடிப்புகளை ஈரமண்ணால் பூசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

தங்கப்பன் டின்னை இறக்கவில்லை. "படத்துல இல்லாத வாய்க்காலப் பாக்க ஆபீசே எறங்கி வந்திருக்கு" என்றார்.

"ஏங்க, வந்தவங்கள" என்றார் பங்கஜவல்லி.

"நான் என்ன சொல்லிட்டேன். நெடுங்காட்டு நெல்லு மெஷின்ல மூட்ட தூக்க ஆளு கேட்டிருக்கான், வர்ற மாசம் நான் போறேன். நெலத்த மேலண்டக்காரரே குத்தகைக்குக் கேட்டிருக்காரு. அவரு எடுத்துக்கிட்டா அடுத்த நாளே வாய்க்கா வந்துரும் பாருங்க."

சார் வரப்பிலிருந்து இறங்கினார். காய்ந்த மண்கட்டியில் செருப்பு சறுக்கியது. "தங்கப்பன், வாய்க்கா இருந்துச்சு. படத்துலயும் இருக்கு. நான்தான் தலைகீழாப் பாத்து வரப்புன்னு வரைஞ்சுட்டேன்."

தங்கப்பன் அவரைப் பார்த்தார். டின் தண்ணீர் துளித்துளியாகச் சொட்டியது.

"இத விசாரணையில சொல்லுவீங்களா?"

"எழுதியே குடுக்கறேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆவும்" என்றார் சார்.

தங்கப்பன் டின்களை இறக்கி வைத்தார். "வெயில்ல நிக்காதீங்க. எளநி வெட்டறேன்" என்று தென்னையைப் பார்த்து நடந்தார். பங்கஜவல்லி மறுபடியும் உட்கார்ந்து வெடிப்பைப் பூச ஆரம்பித்தார்.

விசாரணை அன்றைக்கு ஆபீஸ் நிறைந்திருந்தது. பாண்டிச்சேரி அதிகாரி கண்ணாடி போட்ட, சளி பிடித்த மனிதர். கைக்குட்டையை மேசையிலேயே வைத்திருந்தார். மேலண்டை நிலக்காரர் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார், நல்லவிதமாகத்தான் பேசினார். சாரின் எழுத்து வாக்குமூலத்தை அதிகாரி இரண்டுமுறை படித்தார். பிறகு விமானப் படத்தைப் பார்த்தார்.

"எனக்கு வரப்பாத்தான் தெரியுது."

சார் திருப்பி வைத்தார்.

"இப்ப வாய்க்கா மாதிரி தெரியுது. நாளைக்கு இன்னொருத்தர் வேற மாதிரி திருப்புவாரு. இத வச்சு நான் எப்படி எழுத முடியும்?"

சார் என்னைப் பார்த்தார். அத்தான் ஒட்டிக்கொடுத்த நிலாப் படத்தை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். இப்போது பதினாறு துண்டுகள் சேர்ந்திருந்தன.

"என்ன இது?"

"நெலா சார்" என்றார் பங்கஜவல்லி. "இதுல ஒரு கல்லு உருண்டு வந்திருக்கு. அத மட்டும் பாருங்க, மத்தது தானா வெளங்கிரும்."

மேலண்டைக்காரர் சிரித்தார். "சந்திரனுக்கும் என் கொல்லைக்கும் என்னங்க சம்பந்தம்?"

அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். குனிந்தார். பங்கஜவல்லி அன்றைக்கு எங்கள் வீட்டில் சொன்னதையே சொன்னார், கல், அதன் நிழல், வெளிச்சம் வரும் பக்கம், பள்ளத்துக்குள் விழும் நிழல். அதிகாரி படத்தைத் திருப்பினார். நேராக்கினார். மறுபடியும் திருப்பினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை திருப்பினார். "இந்தக் கல்லு எம்மாம் பெரிசு இருக்கும்?" என்று கேட்டார்.

"ஒரு வீடு அளவு இருக்கும்னு எங்க அத்தான் சொல்றாங்க சார்" என்றேன்.

"அது உருண்டு வந்த தடம் அப்படியே இருக்கு."

"அங்க காத்து மழை கெடையாதுல்ல சார், அழியாது" என்றார் சோமசேகரன் சார்.

அதிகாரி விமானப் படத்தை எடுத்துப் பனைமரத்தின் நிழலைத் தேடினார். கண்டுபிடித்ததும் அதன்மேல் விரலை வைத்தார். பிறகு நாற்காலியைத் தள்ளினார். "படத்த வச்சு நான் எழுத மாட்டேன். எடத்துக்குப் போவோம். குறுக்க வெட்டிப் பாத்தா தெரிஞ்சுபோவும்."

ஜீப்பில் அவர்கள் போனார்கள், நான் பின்னால் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது தங்கப்பன் இடுப்பளவு குழியில் நின்றுகொண்டிருந்தார். உழுத மண் முதலில், கறுப்புக் களி. அதன்கீழே ஒரு முழத்தில் மண்வெட்டியின் சத்தம் மாறியிருந்தது. சாம்பல் நிற ஆற்று மணல், நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து, கிண்ணம் போன்ற வளைவாக. அதில் நத்தை ஓடுகள். தங்கப்பன் ஒரு பிடி மணலை அள்ளி மேலே நீட்டினார். அதிகாரி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வயல் மண்ணில் ஆற்று மணல் தானாக வராது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலண்டைக்காரர் குடையை விரித்துக்கொண்டார்.

வாய்க்காலைத் திரும்ப வெட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. சாருக்கும் ஒரு காகிதம் வந்தது, விளக்கம் கேட்டு. தலைமை வரைவாளர் பதவி திருநள்ளாற்றிலிருந்து வந்த வேறொருவருக்குப் போனது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "இனிமே எல்லாப் படத்தயும் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்கணும் ஜெயமேரி, பதினோரு ஊரு இருக்கு" என்றார். அந்தப் பதினோரு ஊரையும் அவர் அடுத்த ஒரு வருஷத்தில் யாரும் கேட்காமலேயே சரிபார்த்தார். இன்னும் இரண்டு ஊரில் தப்பு இருந்தது.

வாய்க்காலை வெட்டி முடிக்க ஐந்து நாள் ஆனது. நாற்றுக்கு ஐம்பது நாள் கடந்துவிட்டது. பாதிக்குமேல் காய்ந்துபோனதால் ஒன்பது மாவில் ஐந்துக்குத்தான் நாற்றுத் தேறும் என்றார் தங்கப்பன். நெடுங்காட்டு மெஷின்காரனுக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்.

தண்ணீர் விடும் அன்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தான், அக்கா, நான், சார் நான்கு பேரும் போனோம். மழை வரும்போல வடகிழக்கு கறுத்திருந்தது. பெரிய வாய்க்காலுக்கும் புது வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு முழம் மண்ணை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். தங்கப்பன் மண்வெட்டியைக் கொண்டுவந்து சாரிடம் நீட்டினார்.

"வேணாம்யா. எனக்கு வெட்டத் தெரியாது."

"தெரியாட்டி என்ன. கால மட்டும் தள்ளி வச்சுக்குங்க."

சார் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு இறங்கினார். முதல் வெட்டு மேலோட்டமாகப் போனது. இரண்டாவதில் மண்வெட்டி சிக்கிக்கொண்டது. மூன்றாவதில் மண் இளகி, தண்ணீர் ஒரு விரல் அகலத்தில் எட்டிப் பார்த்தது, பிறகு கரையைத் தானே தின்றுகொண்டு உள்ளே புகுந்தது. சருகும் நுரையும் காய்ந்த சாணியும் முன்னால் மிதந்தன. தண்ணீரின் தலை வேகமாக ஓடவில்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று, அதை நிரப்பி, பிறகுதான் நகர்ந்தது. நாங்கள் அதோடு கரையில் நடந்தோம். சார் வாய்க்காலுக்குள்ளேயே நடந்து வந்தார், தண்ணீருக்கு ஓரடி முன்னால், பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டே.

பாதி தூரத்தில் தண்ணீர் சட்டென்று குறைந்தது. கரையோரம் ஒரு நண்டு வளை. சுழித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"சார், அங்கயே நில்லுங்க. உங்க எடது காலுகிட்ட, கால வச்சு அடைங்க" என்றார் பங்கஜவல்லி கரையிலிருந்து.

சார் குதிகாலை வளைக்குள் அழுத்தினார். பங்கஜவல்லி ஒரு கூடை களியோடு இறங்கி, குனிந்து, அவர் காலைச் சுற்றி மண்ணை அப்பினார். "ம், இப்ப மெதுவா எடுங்க" என்றார். அவர் எடுத்ததும் அந்த இடத்தில் தன் முழங்கையை ஊன்றி, இன்னும் ஒரு கவளத்தைத் திணித்து, உள்ளங்கையால் தட்டினார். சுழிப்பு நின்றது. தண்ணீர் இரண்டு பேரின் கால்களையும் தாண்டி நாற்றங்காலைப் பார்த்துப் போனது.